புகையிலையும் வலிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருள் உடலுக்கு இழைப்பதை அறியவேண்டின் அதன் அளவையும், அது சென்றடையும் உடலின் இயல்பையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். இவ்வுண்மையைப் புகையிலைக்கும் வலிப்புக்கும் இடையேயான தொடர்பின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தபோது மூலிகையாகவே போற்றப்பட்டது. லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதுவராயிருந்த ஜான் நிக்கோ 1560இல் அதனைப் பிரான்சின் அரசவைக்கு அனுப்பினார். 1571இல் செவில் நகர மருத்துவர் மொனார்டெஸ் அதனைப் பல பிணிகட்கும் மருந்தெனப் புகழ்ந்தெழுதினார்.

1828இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் பொசெல்ற், றைமான் என்போர் புகையிலையின் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். நிக்கோவின் பெயரால் நிக்கொற்றீன் எனப்பட்ட அச்சாரம் கொடிய நஞ்சு என்பது விரைவில் புலனாயிற்று. 1850இல் பெல்ஜியத்துப் பிரபுவான பொக்கார்மே அதனைக் கொண்டே தன் மைத்துனனைக் கொன்றான். இறந்தவனின் உறுப்புகளிலிருந்து நஞ்சைப் பிரித்துக் காட்டினார் இரசாயன அறிஞர் ஸ்தாஸ். மறு ஆண்டில் பொக்கார்மே சிரச்சேதம் செய்யப்பட்டான். இந்நஞ்சு மிகுதியாக உட்செல்லின் வாந்தி, நடுக்கம், வலிப்பு என்பன தோன்றிச் சுவாசமும் நின்றுவிடும்.

இதன் காரணத்தை ஆராய்ந்தோருள் கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி முதன்மையானவர். நிக்கொற்றீனைக் கொண்டு அவர் நிகழ்த்திய பரிசோதனைகளின் பயனாக, மருந்தைப் பற்றிக்கொள்ளும் ‘வாங்கி’ உடலில் உண்டு என்னும் கொள்கை 1905இல் உருவாயிற்று. தொண்ணூறு ஆண்டுகளின் பின், 1995இல், உறக்கத்தில் தோன்றும் ஒருவகைப் பரம்பரை வலிப்புக்கு நிக்கொற்றீன் வாங்கிகளுள் ஒன்றின் பரம்பரையலகில் ஏற்பட்ட பிறழ்வே காரணமெனக் கண்டறியப்பட்டது. அவ்வரிய நோயினருள் சிலருக்கு நிக்கொற்றீன் வலிப்பைக் குறைத்தமையும் பின்னர்ப் பதிவாயிற்று. பிறருக்கு வலிப்பைத் தரும் பொருள் இவர்கட்கு அதனைத் தணித்தது வியப்புக்குரியதே. எனினும், புகைத்தல் வலிப்புக்கு மருந்தென்று இதனாற் கொள்ளுதல் பெரும் பிழையாகும். புகைத்தலால் மூளையின் குருதிக் குழாய்கள் பழுதுற்றுப் பாரிசவாதம் நேர்கின்றது. முதுமையில் புதிதாய்த் தோன்றும் வலிப்புக்குப் பாரிசவாதமே முக்கிய காரணங்களுள் ஒன்று.

புகைத்தலைக் கைவிட உதவும் மருந்தின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மனச்சோர்வுக்கான புப்புரோப்பியன் என்னும் மருந்து, வலிப்பை விளைவித்தமையால் 1986இல் அமெரிக்கச் சந்தையினின்றும் நீக்கப்பட்டது. உச்ச அளவு குறைக்கப்பட்டு 1989இல் அது மீண்டது. 1997இல் புகைத்தலை நிறுத்துவதற்கும் அனுமதி பெற்றது. ஆயினும் வலிப்பு நோயினர்க்கு அது இன்றும் விலக்கப்பட்டதே. 2019இல் மின்சிகரெட் பாவித்தோரிடையே வலிப்பு முதலிய நரம்புக் குறிகள் தோன்றியதாக 127 முறையீடுகள் கிடைத்துள்ளனவென அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அறிவித்தது. மின்சிகரெட்டே காரணமென அது முடிவு கூறவில்லை.

வலிப்பு நோயினரைப் பொறுத்தவரை உறக்கமின்மை, மதுவை மிகையாய் அருந்திப் பின் திடீரென நிறுத்துதல், காய்ச்சல், மருந்தைத் தவறவிடுதல் ஆகியனவே வலிப்பைத் தூண்டுவனவற்றுள் முதன்மையானவை. புகைத்தலைக் கைவிட விழையும் நோயாளர் மருத்துவரிடம் தம் நோயை முதலில் உரைத்தல் இன்றியமையாதது. மொனார்டெஸ் கண்ட சர்வரோக மூலிகையும் பொக்கார்மே கையாண்ட நஞ்சும் ஒரே இலையினவே. அளவையும் ஆளையும் அறிந்தே மருந்தை வழங்குதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.