குருவானவர் இல்லாத நத்தார்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரே பெருமூச்சைக் கேட்கலாம். "ஊரில் போல இங்கே நத்தார் இல்லை" என்பதே அது. கோவில் வேற்று மொழியினருக்குரியது. அவர்களின் வழிபாடு முடிந்த பின்னர் எஞ்சும் ஒரு மணி நேரமே எமக்குரியது. தமிழ்க் குருவானவரோ பல நகரங்களுக்கு ஒருவர். ஆதலின் நடுச்சாமப் பூசை பிற்பகல் மூன்று மணிக்கே நடைபெற்று முடிவதும் உண்டு. இக்குறைகள் பொய்யானவை என்று வாதிட நான் முன்வரவில்லை. ஆயினும் எமது சொந்த மண்ணிலேயே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், கோவிலும் குருவும் பூசையும் இன்றி நத்தார் வந்துபோன காலம் ஒன்றிருந்தது. இந்நாடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு அதனை எடுத்துக்கூறுவார் அரிதாகிவிட்டமையால் இங்கே எழுதத் துணிந்தேன்.

முதலில் 'நத்தார்' என்னும் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் கிறிஸ்துமஸ் என்பர். நாமோ நத்தார் என்கிறோம். சிங்கள மக்கள் நத்தல என்கின்றனர். பிறப்பு எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லான 'நத்தால்' என்பதன் பிள்ளைகளே இவ்விரண்டும். யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டு முற்றாகக் கைப்பற்றினர், 1658இல் இழந்தனர். நாற்பது ஆண்டுக்கும் குறைந்த ஆட்சி. அவர்கள் சமயத்தைப் பரப்பியது அன்பினால் மட்டுமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை 1621இல் பிலிப் தெ ஒலிவேறா இடித்துத் தரைமட்டமாக்கினான். பதவிக்காகவும் பயத்துக்காகவும் ஞானஸ்நானம் பெற்றோர் பலர். இதனை மறைத்துவிட்டு, பின்னர் கத்தோலிக்கருக்கு நேர்ந்ததை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

1658 ஆனியில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடமளிப்போருக்கு மரணதண்டனை என அதே ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. அரச பதவி வேண்டுமாயினும், திருமணம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமாயினும், பிள்ளைகளுக்குச் சொத்துரிமை வேண்டுமாயினும் ஒல்லாந்த சபையின் தோம்பிலே பெயர் பதியப்பட வேண்டும். சபைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் கட்டினர்.

அப்பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு சொல். ஆண்டுக்கணக்கில் கரும்பலகையின் முன் நின்றவன் என்ற முறையில் இது என் மனத்தை உறுத்தும் செய்தி. அக்காலத்துப் பள்ளி உபாத்தியாயர் எழுத்தும் வேதபாடமும் கற்பித்ததோடு அமையவில்லை. ஊரில் நிகழும் பிறப்பு, திருமணம் முதலியவற்றைத் தோம்பில் எழுதியவரும் அவரே. ஒரு வீட்டார் எந்தக் கடவுளை எவ்வாறு வணங்குகின்றனர் என்பதை அரசுக்கு அறிவிக்கக்கூடிய கண் அவருடையது. அவ்வாறான உபாத்தியாயர்களுள் எத்தனை பேர் கண்டும் காணாதவர்போல் இருந்தனரோ! அவ்வாறு சிலராவது இருந்திராவிடின் பின்னர் நிகழ்ந்தவை நிகழ்ந்திருக்க வழியில்லை என்பது என் துணிபு.

ஒல்லாந்தர் நத்தாரைக் கொண்டாடாதவர்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1618, 1619ஆம் ஆண்டுகளில் தோர்ட்ரெக்ற் நகரில் கூடிய அவர்களது திருச்சபைச் சங்கம் கிறிஸ்து பிறந்த நாளை அனுட்டிக்குமாறே விதித்தது. அந்நாளை முற்றாகவே வெறுத்தவர்கள் வேறு சிலர். அமெரிக்காவின் மசாசூசெற்சில் குடியேறிய ஆங்கிலத் தூய்மைவாதிகள் 1659இல் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தனர். அச்சட்டம் 1681வரை நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த வழக்கோ வேறு. மார்கழி 25ஆம் நாள் ஒல்லாந்தப் போதகரின் பிரசங்கத்தைக் கேட்கத் தடையில்லை. தடுக்கப்பட்டது மக்களின் நெஞ்சுக்கு நெருங்கிய பூசையும் செபமாலையும் சுரூபங்களும் ஆகும். பறங்கியரின் சமயத்தைப் பின்பற்றுவோர் பறங்கியரை மீண்டும் அழைத்துவருவர் என்ற அரசியல் அச்சமே இதற்குப் பெருங் காரணம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பல்தேயஸ் போதகர் தமிழ் கற்றவர். எமது நாட்டைப் பற்றி விரிவாக எழுதி 1672இல் நூலாக வெளியிட்டவர். கொடியவர்கள் மட்டுமே கூடி இத்தடையை நடத்தினர் என்று கதை கட்டுவது எளிது; உண்மை அவ்வளவு எளிதன்று.

குரு இல்லாத இடத்தில் கத்தோலிக்கர் ஒருவருக்கு எஞ்சுவது என்ன? பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. நற்கருணை இல்லை. இறப்பவருக்கு அவஸ்தைப் பூசுதல் இல்லை. ஆனால் அவசர வேளையில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி. செபங்களை மனனம் செய்யலாம். செபமாலையை உருட்டலாம், மணிமாலை இல்லாவிட்டால் விரல்களே போதும். ஏடும் எழுத்துமின்றித் தாயின் வாயிலிருந்து பிள்ளையின் செவிக்குச் செல்லக்கூடியவை மட்டுமே தப்பின. அந்த ஆண்டுகளில் நத்தார் இரவு ஒவ்வொரு வீட்டிலும் எவ்வாறு கழிந்தது என எவரும் எழுதிவைக்கவில்லை. எழுதினால் அதுவே சாட்சியாகி ஆளைப் பிடித்துக் கொடுத்திருக்கும்.

இதில் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் வேறுபாடு பெரிதாக இருந்ததில்லை. விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அதிகாரி கண்டுவிடுவான் என்றஞ்சி வீட்டு இறப்பிலே செருகி ஒளித்த கதையை எமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பறங்கியர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர் காலத்திலும் தொடர்ந்த வழக்கம் அது. ஒரே தெருவில் ஒரு வீட்டின் இறப்பில் வாழையிலையும், அடுத்த வீட்டின் மடியில் செபமாலையுமாக இருந்த காலம்.

ஒளிக்க இயலாதவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர். மாந்தையில் வாழ்ந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தங்கள் கோவிலிலிருந்த மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்றன என்பது மடுத் திருப்பதியின் மரபுரை. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பியோடிய கத்தோலிக்கர் எழுநூறு பேரும் பின்னர் அவர்களுடன் சேர்ந்தனர் என்பர். மருதமடு என்ற அந்த இடமே இன்றைய மடு. அகதிகள் தூக்கிச் சென்ற ஒரு சுரூபத்திலிருந்து தோன்றிய திருத்தலம் அது. அங்கே மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் ஆயிரக்கணக்கான எம்மவர் மீண்டும் அகதிகளாகத் தஞ்சமடைந்ததும், 1999 கார்த்திகை 20ஆம் நாள் எறிகணை வீழ்ந்து நாற்பது பேரளவில் மாண்டதும், 2008 சித்திரையில் அச்சுரூபம் மறுபடியும் சுமக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் வாசகர் அறிந்தவை.

இனி யோசேவாஸ் அடிகளாரிடம் வருவோம். 1651இல் கோவாவிலுள்ள பெனாலிமில் பிறந்தவர். ஐரோப்பியர் அல்லர், கொங்கணி பேசும் இந்தியர். இலங்கையில் குருவின்றி மக்கள் தவிப்பதைக் கேள்வியுற்று, யோவான் என்ற இளைஞரைத் துணைக்கொண்டு, கூலியாள் கோலத்தில், 1687ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடன் வயிற்றுளைவு நோய் கண்டது. தொற்றுநோய் என்று அஞ்சிய மக்கள் இருவரையும் ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட, பெண்ணொருத்தி இரங்கிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவள் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் யார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவும் இயலாது.

நோய் நீங்கிய பின்னர் அடிகளார் பிச்சைக்காரராக வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே செபமாலை. அதனைக் கண்டு எவருடைய முகம் மாறுகின்றது, எவர் கை தயங்குகின்றது என்று பார்த்தே கத்தோலிக்கரை அடையாளங் கண்டார். வாயால் கேட்பது இருவருக்கும் ஆபத்து. இம்முறையில் அவருக்குத் திறந்த வீடுகளின் எண்ணிக்கை, குருவில்லாத அந்த முப்பது ஆண்டுகளுக்கும் சான்றாகின்றது. இருளில் எவரும் ஊட்டாதிருந்தால் விளக்கு எரிந்திராது. சில்லாலை அவருடைய தங்குமிடமாயிற்று. இரவில் பூசை, விடியுமுன் வேறிடம்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு நிகழ்ந்ததாக அடிகளாரின் சபை மரபில் வந்த வரலாறுகள் கூறுவது இது. ஒல்லாந்தப் படையினர் கத்தோலிக்கர் கூடியிருந்த வீடுகளைச் சூழ்ந்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் பிடிபட்டனர். பெண்கள் விடுவிக்கப்பட, ஆண்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. முதன்மையானவர் எண்மர் கசையடிக்கு உள்ளாயினர். அவர்களுள் ஒருவர் சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கத்துக்கு வந்தவர். அடியினால் அவர் உயிர் நீத்தார். ஏனைய எழுவருக்கும் ஆயுட்காலக் கடூழியம். தேடிவந்த குருவோ அகப்படவில்லை. முந்நூறு பேரிடம் விசாரணை நடந்தும் அவர் இருக்குமிடம் வெளிவரவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களின் போர்களை ஆண்டு வாரியாக மனனம் செய்வித்த நாம், இந்த ஓரிரவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

யாழ்ப்பாணத்தில் தொடர்ந்து இருப்பது தம்மை மறைத்துவைத்த மக்களுக்கே கேடாக முடியுமென்பதால், அடிகளார் கண்டி அரசுக்குட்பட்ட புத்தளம் சென்றார். 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இவர் பறங்கியரின் ஒற்றர் என்று கோள்மூட்ட, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் காவலில் வைத்தான். காவலில் இருந்தே சிங்களம் கற்றார். மெல்ல மெல்லக் காவல் தளர்ந்தது. சிறு கொட்டிலொன்று கோவிலாயிற்று. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளரை உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகனாகிய குரு ஒருவரும் காடெல்லாம் தேடிச்சென்று, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். அந்நோயாளருள் பெரும்பாலோர் பௌத்தர்கள். இவரை ஒற்றரென ஐயுற்ற மன்னன் இதன் பின்னர் அவருக்கு மறுத்தது எதுவுமில்லை என்னலாம். பெத்லகேம் தொழுவத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்தாலும் இந்தக் காட்டுக்கு அது ஈடாகாது.

மற்றொன்றையும் அவர் செய்தார். தாம் எந்நேரமும் பிடிபடலாம் என்பதை உணர்ந்திருந்தபடியால், ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என இல்லறத்தாரையே நியமித்தார். செபம் சொல்லிக்கொடுத்தல், நோயாளரைப் பார்த்தல், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தல், குரு வரும் நாளுக்கு மக்களை ஆயத்தம் செய்தல் ஆகியன அவர்கள் கடமை. எமது கரையோர ஊர்களில் அண்மைக்காலம்வரை இப்பெயர்கள் மதிப்புடன் வழங்கியமை முதியோர் அறிவர். ஊரிலே குருவானவர் வரத் தாமதித்தால் கூட்டம் கலைவதில்லை. மூப்பர் எழுந்து செபமாலையைத் தொடங்கிவிடுவார். இங்கே குருவானவரின் தொடர்வண்டி பிந்தினால் நாம் மணிக்கூட்டைப் பார்க்கிறோம்.

அடிகளார் 1711 தை 16ஆம் நாள் கண்டியில் காலமானார். அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல எழுதினார்; தவசு காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இராகத்தோடு படிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. யோசேவாஸ் அடிகளாரை 1995 தையில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 தை 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும் அறிவித்தனர். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்கும் சென்றார்.

ஒல்லாந்தரின் கெடுபிடி பதினெட்டாம் நூற்றாண்டில் படிப்படியாகத் தளர்ந்ததெனினும் சட்டங்கள் ஏட்டிலேயே இருந்தன. 1795இல் யாழ்ப்பாணத்தையும் அடுத்த ஆண்டு கொழும்பையும் ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னரும் அவை உடனே நீங்கவில்லை. ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் 1806ஆம் ஆண்டிலேயே கத்தோலிக்கருக்கு எதிரான அந்தப் பழைய விதிகளை நீக்கினார்; பிரித்தானியாவிலே கத்தோலிக்கருக்கு அத்தகைய உரிமை கிடைக்க மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன. 1658 மார்கழியிலிருந்து எண்ணிவந்தால், சட்டத்தின் தடையின்றி எமது ஊர்களுக்கு வந்த முதல் நத்தார் நூற்று நாற்பத்தொன்பதாவது நத்தாராகும்.