உறுப்பு மாற்றத்துக்குப் பின் மாற்றுத்திறனாளி உதவிகள்: ஆரணி நெசவாளர் நிலை

சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற உறுப்பை மாற்றிக்கொண்டவர், நோயுற்றிருந்தபோது பெற்ற உதவித்தொகை, மருந்து, பயணச் சலுகை ஆகியவற்றை அறுவைக்குப் பிறகும் பெற முடியுமா என்பது பற்றிய சட்ட நடைமுறைகள் இத்தலைப்பில் அடங்கும். மேலை நாடுகளில் இதில் எழும் கேள்வி, உதவி எப்போது நிற்கும் என்பதுதான். இந்தியாவில் அதற்கு முந்தைய கேள்வியே இன்னும் தீரவில்லை: சிறுநீரகம் செயலிழந்தவரைச் சட்டம் மாற்றுத்திறனாளியாக ஏற்கிறதா?

திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு ஊரான ஆரணி இதை அருகிலிருந்து பார்க்க ஏற்ற இடம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, பெரும்பாலும் வீட்டுத் தறியில், சேலைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நெய்யப்படுகிறது. தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. இன்னொரு பக்கம், இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971இல் நடந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான்.

தறியும் உடலும்

குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை அழுத்துவார். நெய்த துணியைச் சுருட்டும் உருளை மரம் மடிக்கு மேலே, வயிற்றை ஒட்டியபடி குறுக்கே கிடக்கும். மாற்றுச் சிறுநீரகத்தை மருத்துவர்கள் முதுகுப்புறத்தில், பழையது இருக்கும் இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்கம், இடுப்பெலும்பின் குழிவில் பொருத்துகிறார்கள். நாடா ஓடி முடிந்ததும் பலகையை இழுத்து அடிக்கும்போது நெசவாளரின் உடல் மரத்தின் மேல் சாய்வதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.

தழும்பு ஆறிய பிறகும் மாத்திரைகள் நிற்பதில்லை. உடல் புது உறுப்பைப் புறந்தள்ளாமல் இருக்க, அது வேலை செய்யும் காலம் முழுவதும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை விழுங்க வேண்டும். டாக்ரோலிமஸ் வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரண்டு வேளை. அதன் அறியப்பட்ட பக்கவிளைவு கைநடுக்கம். இரத்தத்தில் அளவு ஏறினால் நடுக்கமும் ஏறும். பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபவருக்கு அந்த நடுக்கம் சின்ன விஷயமில்லை. கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையைக் கூட்டும், எலும்பைத் தேய்க்கும். மழைக்காலத்தில் ஈரம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும் குழி, எதிர்ப்பு குறைந்தவர் மணிக்கணக்கில் உட்காரத் தகுந்த இடமா என்பதும் யோசிக்க வேண்டியதே.

இவற்றில் எதுவும் வெளியே தெரியாது. பார்ப்பவர்களுக்கு அவர் நன்றாகத் தேறி வந்தவர்.

சட்டத்தின் பட்டியல்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் செல் நோய் ஆகிய இரத்த நோய்கள் அப்போது உள்ளே வந்தன. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வரவில்லை. மாற்று உறுப்போடு வாழ்வதும் வரவில்லை.

சட்டத்தின் பொது வரையறை என்னவோ விரிந்ததுதான். நீண்டகாலக் குறைபாடு, சமூகத் தடைகளோடு சேர்ந்து ஒருவரை மற்றவர்க்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் செய்தால் அவர் மாற்றுத்திறனாளி என்கிறது. அந்த வரிகளை வைத்துப் படித்தால் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நெசவாளரை வெளியே நிறுத்த முடியாது. ஆனால் உதவித்தொகையும் இடஒதுக்கீடும் வரையறையைப் பார்த்து வருவதில்லை, சான்றிதழைப் பார்த்து வருகின்றன. சான்றிதழ் பட்டியலைப் பார்க்கிறது. அதிலும் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு வேண்டும். மத்திய அரசு அறிவிக்கை வழியாகப் புதிய வகைகளைச் சேர்க்கப் பட்டியலிலேயே இடம் விடப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டு உதவிகளும் இந்த வழியில்தான் போகின்றன. வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை அதே ஆண்டு 2,000 ஆனது. அது அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, கடுமையான உடல் பாதிப்பு போன்ற சில வகைகளுக்கு உரியது. சிறுநீரகம் மட்டும் பழுதானவருக்கு இரண்டிலும் வழியில்லை. அதனால் அறுவைக்குப் பின் அவர் இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

உதவி உண்மையிலேயே நிற்கக்கூடியது வேறு சிலருக்கு. கருவிழி மாற்றிக்கொண்டவருக்குப் பார்வை திரும்பினால், மறு மதிப்பீட்டில் விழுக்காடு இறங்கும். 40க்குக் கீழே போனால் சலுகைகளும் போகும். சர்க்கரை நோயால் சிறுநீரகத்தோடு காலையும் இழந்தவருக்கு நிலைமை நேர்மாறு. அவர் சான்றிதழ் காலுக்கானது. சிறுநீரகம் மாற்றியதால் அது குறையாது. சான்றிதழ் நிரந்தரமா, குறித்த காலத்துக்கானதா என்று அதிலேயே எழுதியிருக்கும். குறித்த காலத்துக்கானதைக் கெடு முடியும் முன் புதுப்பிக்க வேண்டும்.

தொழிலாளர் காப்பீடு

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் இதில் தாராளமானது. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு தரும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டு வரைகூட நீட்டிக்கும். ஆனால் அது குறைந்தது பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஊதியம் பெறுபவருக்கு. வீட்டுத் தறியில் முதலாளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ கூலிக்கு நெய்பவர் இதில் சேர மாட்டார். அவருக்கென்று கைத்தறி, பட்டு நெசவுத் தொழிலாளர் நலவாரியம் தனியாக இருக்கிறது.

பிற இடங்களில்

ஜெர்மனி உறுப்பு மாற்றியவரை முதல் இரண்டு ஆண்டு 100 புள்ளிக் குறைபாடு உள்ளவராகக் கணக்கிடுகிறது. பிறகு குறைத்தாலும் சிறுநீரகம் மாற்றியவருக்கு 50க்குக் கீழே இறக்குவதில்லை. மருந்தும் தொற்று அச்சமும் நீடிக்கும்வரை குறைபாடும் நீடிக்கிறது என்ற இந்தக் கணக்கே நியாயமாகப் படுகிறது.

அமெரிக்காவில் சிறுநீரகம், கல்லீரல், இதயம் மாற்றியவருக்கு ஓராண்டும், நுரையீரல் மாற்றியவருக்கு மூன்றாண்டும் மாற்றுத்திறனாளி நிலை தானாகக் கிடைக்கும். அதன்பின் மறு ஆய்வு. அங்கே சிறுநீரகச் செயலிழப்பை மட்டும் காரணமாகக் கொண்டு மெடிகேர் காப்பீடு பெற்றவருக்கு அது அறுவைக்குப் பின் 36 மாதத்தில் முடிந்துவிடும். அரசுச் செலவில் பொருத்திய சிறுநீரகம் மாத்திரை வாங்க முடியாமல் கெட்டு, மறுபடி அரசுச் செலவில் டயாலிசிஸ் செய்த கதைகள் அந்நாட்டில் நிறைய. எதிர்ப்படக்கி மருந்துக்கு மட்டும் தனிக் காப்பீடு 2023 ஜனவரியில்தான் வந்தது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேலூரைத் தாண்டிக் காட்பாடி வழியே சித்தூருக்குள் நுழைந்தாலே கணக்கு மாறிவிடும். ஆந்திர அரசு 2024 ஜூலையில் ஓய்வூதியங்களை உயர்த்தியபோது, சிறுநீரகம், கல்லீரல், இதயம் மாற்றிக்கொண்டவர்களுக்கான மாதத் தொகை 10,000 ரூபாய் ஆனது. அங்கே இது தனி இனம். உடல் குறைபாட்டு விழுக்காட்டோடு முடிச்சுப் போடவில்லை. கேரளத்தின் ‘சமாஸ்வாசம்’ திட்டமும் டயாலிசிஸ் நோயாளிகளோடு மாற்று உறுப்பு பெற்ற ஏழைகளையும் சேர்த்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் எஞ்சுவது

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை 2008இலேயே தொடங்கிய மாநிலம் இது. உதவி இங்கே பணமாக வராமல் சிகிச்சையாக வருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உறுப்பு மாற்று அறுவையையும் ஏற்கிறது. ஆரணி நெசவாளர் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த அட்டையையும், அறுவைக்குப் பிந்தைய மருந்து எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை கிடைக்கும் என்று எழுதிய மருத்துவமனைச் சீட்டையும்தான்.

ரயில்வேயின் பயணச் சலுகையில் ஒரு விசித்திரம் உண்டு. புற்றுநோய், தலசீமியா நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கும் காலமுறைப் பரிசோதனைக்கும் சலுகை என்று விதி சொல்கிறது. சிறுநீரக நோயாளிக்கு மாற்று அறுவைக்கும் டயாலிசிஸுக்கும் என்று மட்டும் சொல்கிறது. ஆரணி ரோடு நிலையம் ஊருக்கு வெளியே களம்பூரில் இருக்கிறது. அங்கிருந்து காட்பாடி ரயிலில் டயாலிசிஸுக்குப் போய்வந்தவருக்குக் கட்டணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி. புதுச் சிறுநீரகத்தோடு இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கப் போகும் அவருக்கு அந்த விதியின் வாசகப்படி முழு டிக்கெட்.