முப்பரிமாணச் செயற்கைக்கோள் படங்களின் வடிவியல் பிழைத்திருத்தம்

ஒரே நிலப்பரப்பை இரு கோணங்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் உள்ள வடிவப் பிழைகளை நீக்கி, அவற்றை நில ஆயங்களோடு பொருத்தும் பணி இது.

இந்தியாவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அதில் இரு கேமராக்கள்: ஒன்று 26 பாகை முன்னோக்கியும் மற்றொன்று 5 பாகை பின்னோக்கியும் பார்த்தன. 100 மீட்டர் உயர முகடு ஒன்று இரு படங்களுக்கிடையே ஏறக்குறைய 60 மீட்டர் இடம்பெயர்ந்து தெரியும். இந்த விலகல் பிழையன்று. உயரத்தைக் கணக்கிட உதவும் செல்வமே அதுதான். ஆகவே அதைக் காத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் களைய வேண்டும். இத்துறையின் உண்மையான சவால் இங்கேதான் இருக்கிறது.

மற்றவை எவை? இரு படங்களுக்கும் இடைவெளி சுமார் 52 விநாடி. அதற்குள் நிலநடுக்கோட்டில் பூமி ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சுழன்றுவிடும். செயற்கைக்கோளையே மெல்லத் திருப்பி இதை ஈடுசெய்தார்கள். நோக்குதிசையில் ஒரு விகலை என்னும் மிகச்சிறு கோண அளவு தவறினாலும், 618 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரையில் 3 மீட்டர் பிசகும். படத்தின் ஒரு புள்ளியோ 2.5 மீட்டர்தான்.

எஞ்சும் பிழைக்கு மருந்து தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். சாலைச் சந்திப்பு, பாலத்தின் முனை போன்ற தெளிவான இடங்களை ஜிபிஎஸ் கருவியால் துல்லியமாக அளந்து, படத்தோடு வழங்கப்படும், நில ஆயங்களைப் படப் புள்ளிகளோடு இணைக்கும் விகிதமுறு பல்லுறுப்புக் கெழுக்களைத் திருத்துவார்கள். அதன்பின் இரு படங்களையும் புள்ளிக்குப் புள்ளி இணைத்தால் உயர மாதிரி கிடைக்கும்.

கார்ட்டோடெம் என்னும் இந்திய உயரத் தரவு இப்படி உருவானதே. அதன் 30 மீட்டர் பதிப்பைப் புவன் என்னும் இணையதளத்தில் இலவசமாகப் பெறலாம்.