நீச்சல் குளச் சுத்திகரிப்புக் கருவிகள்: பழையவற்றை மாற்றுதல்

பலர் சேர்ந்து குளிக்கும் நீச்சல் குளத்தின் தண்ணீரை இழுத்து, வடிகட்டி, கிருமி நீக்கி, மறுபடியும் குளத்துக்கே அனுப்புபவை சுத்திகரிப்புக் கருவிகள். மோட்டார், மணல் வடிகட்டி, குளோரின் செலுத்தும் பம்ப் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. இவற்றுக்கும் வயதாகும். வயதானவற்றைக் காலத்தில் மாற்றாவிட்டால் தண்ணீரும் வீணாகும், குளிப்பவர் உடல்நலமும் கெடும்.

வறண்ட சீமையின் கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காட்டில் பிள்ளைகள் நீச்சல் பழகியது பாசனக் கிணறுகளில். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டால், நாலைந்து நாளில் குடுக்கை இல்லாமலே நீந்துவார்கள். ஆனால் குண்டாற்றில் தண்ணீர் புரள்வது வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். கோடை விடுமுறை விடும்போது கண்மாய் வெடித்துக் கிடக்கும். கிணற்றில் படிகள்தான் தெரியும்.

இத்தகைய ஊரில் அமையும் குளத்துக்குத் தண்ணீரே பெரிய செலவு. 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள குளம் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் இருநூறு நடைக்கு மேல் ஆகும். அதே குளத்தில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால் 7,500 லிட்டர் போய்விடும். அழுக்கானதும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது இங்கே நடவாத காரியம்.

முதுமையின் அடையாளங்கள்

வடிகட்டியின் பிரஷர் கேஜ்தான் முதலில் சொல்லும். முள் வழக்கத்தைவிட ஏறினால் மணலில் அழுக்கு அடைத்திருக்கிறது; தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்தி அலச வேண்டும். அலசிய மறுநாளே முள் ஏறினால் மணல் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகளில் மணலை மாற்றுவார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள வடிகட்டியை ஐந்து நிமிடம் அலசினாலே இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் வெளியேறும் என்பதால், பழைய மணல் தண்ணீரைத் தின்னும் மணல்.

உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர்வெல் தண்ணீரானால் குழாயிலும் வால்விலும் வெள்ளைப் படிவு ஏறும். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து வீசும் பழக்கம் அந்தச் சுண்ணாம்பை இன்னும் கூட்டும்; குளோரினும் ஒரு மூலையில் அதிகமாகவும் இன்னொரு மூலையில் இல்லாமலும் நிற்கும். திரவ ஹைப்போகுளோரைட்டைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்ப் இதற்கு நல்ல மாற்று. ஆனால் அந்தத் திரவம் வெயிலில் வீரியம் இழக்கும். நிழலில் வைத்து, சில வாரத்துக்குத் தேவையானதை மட்டுமே வாங்க வேண்டும்.

குளோரினின் வீரியம் தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பொறுத்தது. 7.2-இல் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும். 8-ஐத் தொட்டால் ஏறத்தாழ கால் பங்குதான். மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடியைப் பலர் சுத்தத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் நெடி அது.

பிழைகளும் பாடங்களும்

2016 ரியோ ஒலிம்பிக்கில் மரியா லென்க் வளாகத்தின் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையானது. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தவறுதலாகக் கலந்ததால் குளோரின் செயலிழந்துவிட்டது. அதேபோல் பச்சையான பக்கத்துக் குளத்தை வடித்து, பயிற்சிக் குளத்துத் தண்ணீரை நிரப்பித்தான் போட்டியை நடத்தினார்கள்.

கேரளத்தில் 2024 மே முதல் ஜூலை வரை மூன்று பிள்ளைகள் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் இறந்தனர். வெதுவெதுப்பான நன்னீரில் வளர்ந்து மூக்கு வழியே ஏறும் நெக்லேரியா அமீபாவை, சரியான அளவு குளோரின் கொன்றுவிடும்.

மாற்றும் முறை

குளம் பழையதானாலும் கருவிகளைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்தில்தான் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா நீச்சல் போட்டிகள் நடந்தன.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இல்லாத ஊராட்சியோ பள்ளியோ குளோரின் பம்பிலும் அளவுமானியிலும் தொடங்கலாம். உயிர் காப்பது அதுதான். அடுத்தது மணல். அதற்கடுத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய மோட்டார்: பாதி வேகத்தில் ஓடினால் மின்தேவை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

குடிநீர்த் தொட்டிப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பே குளத்துக்கும் உதவும். தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் குளோரின் அளவுக்கேற்ப மஞ்சள் ஏறும். அன்றைய அளவை எழுதிய பதிவேட்டைக் கேட்டுப் பார்த்த பிறகே பெற்றோர் பிள்ளைகளைக் குளத்தில் இறக்க வேண்டும்.