அலகு வெட்டிய வரலாறு

முட்டைக்கோழிப் பண்ணைகளில், பிறந்து ஒரு வாரம் பத்து நாள் ஆன குஞ்சுகளைப் பிடித்து, சூடேறிச் சிவந்த தகட்டில் அலகின் நுனியைத் தீய்த்து எடுப்பது வழக்கமான வேலை. மூக்கு வெட்டுவது என்று பண்ணைக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்துகின்றன, ஆகவே கொத்தும் அலகைக் குறைத்துவிடு என்பது இதன் பின்னுள்ள நியாயம். புழக்கடையில் இருபது முப்பது குஞ்சு வளர்ப்பவர்களுக்கும் இந்த நியாயம் சரியென்றே தோன்றுகிறது. ஆனால் இந்த வழக்கம் எங்கே, எந்தச் சூழலில் பிறந்தது என்று பார்த்தால், கோளாறு குஞ்சின் அலகில் இல்லை, அதை அடைத்து வைத்த இடத்தில் இருக்கிறது என்பது விளங்கும்.

கோழிகள் கொத்திக்கொள்வது புதிதல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர், மற்றக் கோழிகள் கண்ணைக் கொத்திவிடாதபடி கோழிக்கு மாட்டும் கண்ணாடி ஒன்றுக்கு 1903இலேயே காப்புரிமை பெற்றார். அன்று அது சிற்சில பண்ணைகளின் தொல்லையாக மட்டுமே இருந்தது. 1920களில் நிலைமை மாறியது. வைட்டமின் டி கண்டறியப்பட்டு, மீன் எண்ணெயைத் தீவனத்தில் கலக்கும் முறை வந்ததும், வெயிலே படாமல் ஆண்டு முழுவதும் கொட்டகைக்குள் குஞ்சு வளர்க்க முடிந்தது. 1923இல் டெலவேர் மாநிலத்தில் சிசில் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சுகள் கேட்டிருக்க, தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. அவற்றை வளர்த்து இறைச்சிக்கு விற்று அவர் லாபம் பார்த்ததிலிருந்து அந்தப் பகுதியில் கறிக்கோழித் தொழில் பெருகியது. அடுத்த பத்தாண்டில் முட்டைக்கோழிகள் கம்பிக் கூண்டுகளுக்குள் போகத் தொடங்கின. அதே 1930களில்தான் ஓஹையோ வேளாண் ஆய்வு நிலையத்தில் அலகு வெட்டும் முறை உருவானது. அப்போது அது தற்காலிக ஏற்பாடு. கொத்தல் மிஞ்சிப்போன மந்தையில் மட்டும் கத்தியால் 6 மில்லிமீட்டர் அளவுக்கு நுனியைச் சீவுவார்கள், அது திரும்ப வளர்ந்துவிடும். 1940களில் சான் டியேகோ நகரில் சூட்டுத் தகட்டால் வெட்டும் இயந்திரம் விற்பனைக்கு வந்த பிறகு, தொல்லை வருமுன்னே எல்லாக் குஞ்சுக்கும், நிரந்தரமாக என்று வழக்கம் இறுகியது.

அலகின் நுனி நகத்தைப் போன்றது, அதில் ரத்தமும் உணர்வும் இல்லை என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் நடந்தது. இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் 1964இல் எழுதிய நூல் எழுப்பிய கேள்விகளால் அமைக்கப்பட்ட பிராம்பெல் குழு, அலகு வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று 1965லேயே பரிந்துரைத்தது. 1985இல் எடின்பரோ ஆய்வாளர்களான பிரெவார்டும் ஜென்டிலும், வெட்டிய அலகில் நரம்பு முனைகள் முடிச்சாகத் திரண்டு, இயல்புக்கு மாறான துடிப்புகளை அனுப்புவதைக் காட்டினார்கள். கை இல்லாத கோழிக்குத் தொட்டறியும் உறுப்பு அலகுதான். இரையைத் தேர்வதும், இறகைக் கோதுவதும், பேனை எடுப்பதும் அதனால்தான். நெதர்லாந்தில் பிளாக்ஹூயிஸ் 1980களில் இன்னொரு உண்மையை எடுத்துவைத்தார். மண்ணைக் கிளறிக் கொத்த வேண்டிய கோழி, கிளற மண் இல்லாதபோது அந்தக் கொத்தலைத் தோழிகளின் இறகில் காட்டுகிறது என்பது அவர் விளக்கம்.

வெட்டாவிட்டால் கோழிகள் சாகும், நட்டத்தை யார் தாங்குவது என்று பண்ணைக்காரர் கேட்பார். கேள்வி நேர்மையானது. அடைத்து வளர்க்கும் மந்தையில் கொத்துச்சாவு கொடுமையானது, அதுவும் கோழிக்கு வலிதான். ஆனால் நார்வே 1974லும், பின்லாந்து 1986லும், சுவீடன் 1988லும் அலகு வெட்டுவதைத் தடை செய்தன, அங்கே முட்டைத் தொழில் இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர், தனிக் கோழியின் முட்டை எண்ணிக்கையைப் பார்க்காமல், கூண்டிலுள்ள கூட்டம் முழுவதும் பிழைத்து முட்டையிடுவதைப் பார்த்து இனத்தைத் தேர்ந்தார். அலகு வெட்டாத அந்தக் கோழிகளில் ஆண்டுச் சாவு 68 விழுக்காட்டிலிருந்து சில தலைமுறைகளிலேயே 8.8 விழுக்காடாகக் குறைந்ததை 1996இல் வெளியிட்டார். சூட்டுத் தகட்டுக்குப் பதிலாக, பிறந்த நாளிலேயே அகச்சிவப்புக் கதிரால் நுனியை உதிரச் செய்யும் முறை இப்போது இருக்கிறதே என்பார்கள். திறந்த புண் இல்லை என்பது உண்மை. உறுப்பு குறைவது மட்டும் மாறவில்லை.

ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்ப்பவர் தம் கொட்டகையை ஒரே நாளில் மாற்ற முடியாது. புழக்கடையில் வளர்ப்பவருக்கு அந்தத் தடை இல்லை. பிறவியிலேயே அலகு கோணி, மேலும் கீழும் பொருந்தாமல் வளரும் குஞ்சுக்கு மிஞ்சி வளரும் நுனியை மட்டும் பதமாக ராவிவிட்டு, ஆழமான தட்டில் ஈரத் தீவனம் வைப்பது சிகிச்சை, அதைச் செய்யத்தான் வேண்டும். நல்ல அலகை வெட்டுவது அதனோடு சேராது. குஞ்சுகள் கொத்திக்கொண்டால் இடத்தை அகலப்படுத்துங்கள், விளக்கின் வெளிச்சத்தைக் குறையுங்கள், தீவனத்தில் புரதமும் உப்பும் போதுமா என்று பாருங்கள், கீரைக்கட்டைத் தொங்கவிடுங்கள், காயம்பட்ட குஞ்சைத் தனியே பிரித்து வையுங்கள். கிளற மண் கிடைக்கும் குஞ்சின் அலகில் கத்தி வைக்காதீர்கள்.