கொழும்பு நகர வீடும் நடுமுற்றமும்: ஈனா டி சில்வா இல்லம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் நவீன கட்டடக்கலை வரலாற்றினை எழுதுவோர், கொழும்பு அல்பிரட் பிளேசில் 1960இற்கும் 1962இற்கும் இடையில் ஜெப்ரி பாவா அமைத்த ஈனா டி சில்வா இல்லத்தினை ஒரு திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். அதனை மரபுக்கு மீளும் முயற்சியென விளக்குவோர் பலர். அவ்விளக்கம் தவறன்று, ஆயின் முழுமையானதுமன்று. நகரக் காணி சுருங்கியமையே முற்றத்தினைக் கொழும்புக்கு மீண்டும் அழைத்து வந்தது என்பதே நாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்தாகும்.

முற்றம் இந்நாட்டவர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் அறைகளும் தாழ்வாரங்களும் நடுமுற்றத்தினையே நோக்கியிருந்தன. கண்டிப் பகுதி வளவுகளில் அது ‘மெதமிதுல’ எனப்பட்டது. ஒல்லாந்தர் காலத்துப் புறக்கோட்டையிலும் காலிக் கோட்டையிலும் வீதியோரமாகச் சுவரொடு சுவர் சேர வீடுகள் எழுந்தன. பக்கங்களிலே சாளரம் வைக்க இடமில்லாதபோது, உள்ளே விடப்பட்ட முற்றமே ஒளியையும் காற்றையும் வழங்கிற்று. ஆக, நெருங்கிய நகருக்கும் முற்றத்துக்கும் உள்ள உறவு பழமையானது.

இவ்வுறவினை அறுத்தது பிரித்தானியர் காலத்துப் பங்களாவாகும். கறுவாத்தோட்டம் போன்ற பகுதிகளில் பரந்த காணியின் நடுவே வீடும், அதனைச் சூழத் தோட்டமும் அமைந்தன. அயலவர் கண்ணிலிருந்து வீட்டாரைக் காத்தது சுவரன்று, தூரமே. சுதந்திரத்தின் பின்னர் அக்காணிகள் துண்டாடப்பட்டன. அதன் பின்னரும் சிறு துண்டின் நடுவே பங்களாவை நிறுத்தியபோது, சுற்றிலும் பயனற்ற ஒடுங்கிய கீற்றுகளே எஞ்சின. ஒரு வீட்டின் சாளரம் மறுவீட்டின் சாளரத்தினைப் பார்த்தது, காற்றும் தடைப்பட்டது. இச்சிக்கலை முன்னரே உணர்ந்தவருள் மினெற் டி சில்வா குறிப்பிடத்தக்கவர். அல்பிரட் ஹவுஸ் கார்டனில் அவர் 1950களில் அமைத்த வீட்டில் திறந்த முற்றம் இடம்பெற்றிருந்தது.

பாவாவுக்குக் கிடைத்த காணி சுமார் 30 பேர்ச் மாத்திரமே. அவர் வீட்டினை நடுவே வைக்காது, காணியின் எல்லைவரை கொண்டு சென்றார். வெளியே உயர்ந்த மதில். உள்ளே பெரிய நடுமுற்றம். அதனைச் சூழ விறாந்தைகளும் அறைகளும். ஓரங்களிலே சிறு முற்றங்கள். பங்களாவில் வெளியே கிடந்த தோட்டம் இங்கு வீட்டினுள்ளே புகுந்தது. நடுமுற்றத்தில் மாமரம் நிழல் தந்தது. வெப்பமுற்ற காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நிழலிலுள்ள சிறு முற்றங்களிலிருந்து குளிர்ந்த காற்று அறைகளூடாக நகர்ந்தது. தனிமை, ஒளி, காற்று ஆகிய மூன்றனுக்கும் ஒரே விடை கிடைத்தது.

இதற்கு மாறாக, வீட்டுடையாளின் விருப்பமே முற்றத்துக்குக் காரணம் எனச் சிலர் கூறலாம். பத்திக் கலைஞரான ஈனா, மாத்தளை அலுவிகாரையைப் பூர்வீகமாகக் கொண்டவர். பழைய வளவுகளின் அமைப்பினை நன்கறிந்தவர். அன்றியும், 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர் ஓட்டையும் மரத்தையும் கல்லையும் நாடச் செய்தன. இவை வீட்டின் தோற்றத்தினை விளக்குவன. ஆனால் மதிலை எல்லைக்குத் தள்ளிய கிடைப்படத்தினை இவற்றால் மட்டும் விளக்கவியலாது. பாவா தமக்கென 33ஆம் ஒழுங்கையில், 1958 தொடக்கம், வரிசையாயிருந்த நான்கு சிறு வீடுகளைப் படிப்படியாகப் பெற்று, இடையிடையே சிறு முற்றங்களைத் திறந்து ஒன்றாக்கியமையும் எமது கருத்துக்கு அரண் செய்கின்றது. அங்கே வளவும் இல்லை, மரபு வேண்டிய உரிமையாளரும் இல்லை. ஒடுங்கிய நிலமே இருந்தது.

எனினும், இத்தீர்வு வசதி படைத்தோர் குடியிருப்பிற் பிறந்தது என்பதை மறத்தலாகாது. 30 பேர்ச்சில் எழுந்த முற்றம், அதனினும் மிகச் சிறிய துண்டுகளில் வாழும் இன்றைய குடும்பங்களுக்கு எவ்வாறு உதவும் என்பது தனியே ஆராயத்தக்கது.

அவ்வில்லமும் கொழும்பில் நிலைக்கவில்லை. 2009இல் அது விற்கப்பட்டபின், பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையிற் கொண்டு சேர்க்கப்பட்டது. 2016இல் மீளக் கட்டி முடிக்கப்பட்டது. தூணும் ஓடும் கல்லும் காக்கப்பட்டமை போற்றற்குரியது. ஆயின் அயலவரை விலக்க எழுந்த மதிலுக்கு அங்கே அயலவர் இல்லை. நகர் நெருக்கியதால் உருவான வீடு, அந்நெருக்கடி நீங்கிய இடத்திற் காட்சிப் பொருளாயிற்று. கட்டடத்தினைப் பேணுவோர் அது எழுந்த நிலத்தின் வரலாற்றினையும் பேணுதல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் முடிபாகும்.