'டேலண்ட்' என்னும் சொல்

நம் சபைகளில் தாலந்துப் போட்டி என்றால் பாட்டு, பேச்சு, ஓவியம் என்று சிறுவரும் அறிவர். தராசை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் இச்சொல் தராசிலிருந்தே பிறந்தது.

தாங்குதல், சுமத்தல் எனப் பொருள்படும் வேரினின்று தோன்றிய கிரேக்கச் சொல் 'தலண்டொன்'. அது முதலில் தராசையும், பின்னர் நிறுத்த எடையையும், அதன்பின் அவ்வெடையுள்ள வெள்ளியையும் குறித்தது. (நம் மொழியில் 'தூக்கு' என்பதும் தராசையும் நிறையையும் குறிக்கும்.) ஆத்தேனே நகர அளவின்படி ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோ, மதிப்பு 6,000 திராக்மா.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் எடையையே குறித்தது. பின்பு, பிரெஞ்சின் வழியாக, மனச்சாய்வு, விருப்பம் என்னும் பொருளும் அதனுடன் வந்து சேர்ந்தது; தராசுத்தட்டு ஒருபுறம் சாய்வதுபோல் மனம் சாய்வதென அறிஞர் இதனை விளக்குவர். அப்பொருள் ஆங்கிலத்தில் வழக்கிழந்தது. இன்று நாம் அறிந்த 'திறமை' என்னும் பொருள் 15ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. மத்தேயு 25இல் உள்ள உவமையே அதற்குக் காரணம். எசமான் ஒப்படைத்த வெள்ளியை இறைவன் அருளிய ஆற்றலாகக் கொண்டு விளக்கம் கூறக் கூற, விளக்கமே சொல்லின் பொருளாயிற்று. பார்வையிழந்த மில்டன் தம் புகழ்பெற்ற பதினான்கடிப் பாவில் நாணயம், ஆற்றல் ஆகிய இரு பொருளும் தோன்ற இதனை ஆண்டார். இதினின்று 'டேலண்டட்' என்னும் உரிச்சொல் பரவியபோது கோலரிட்ஜ் அதனைக் காட்டுமிராண்டிச் சொல்லென 1832இல் சினந்து கூறியது வேறு கதை.

நம் திருமறையில் 'தாலந்து' எடையும் பணமுமே. ஆயினும் ஆங்கிலம் சென்ற வழியே நம் பேச்சு வழக்கும் சென்றுவிட்டது. இதனால் உவமையை வாசிக்கையில் ஓர் இடர் நேர்கிறது. மத்தேயு 25:15இன்படி எசமான் அவரவர் திறமைக்கு ஏற்பவே தாலந்துகளைப் பகிர்ந்தான். மூலத்தில் அங்குள்ள சொல் 'துனாமிஸ்'. ஆகவே திறமை முன்னரே ஊழியரிடம் இருந்தது. தாலந்து அதன்மேல் வைக்கப்பட்ட பொறுப்பு. இரண்டையும் ஒன்றாக்கினால், திறமைக்கேற்பத் திறமை கொடுத்தான் என்றாகிவிடும், வசனம் பொருளற்றுப்போகும்.

ஒரு தாலந்து பெற்றவனை ஏதுமற்ற ஏழையென்று எண்ணி இரங்கும் பிரசங்கங்களையும் நாம் கேட்டிருக்கிறோம். மத்தேயு 20இல் திராட்சத்தோட்டக் கூலியாளின் ஒரு நாள் ஊதியம் ஒரு தெனாரியம். அதனைத் திராக்மாவுக்கு நிகராகக் கொண்டு, ஆண்டுக்கு 300 வேலைநாள் எனக் கணக்கிட்டால், அவ்வூழியன் மண்ணில் புதைத்தது இருபது ஆண்டுக் கூலி.